கை ஊன்றாமல்

"அம்மாவோட துணியெல்லாம் ஒரு பையில எடுத்து வை, ஷம்சாத். சனிக்கிழமை காலையில கார்லயே வந்துடுறோம்."

போன வாரம் சாஜிதா லாத்தா போனில் சொன்னது இவ்வளவுதான். நான் "சரி" என்றேன். அவர்கள் வருவதற்குச் சரி என்றேனா, மாமியை அழைத்துப் போவதற்குச் சரி என்றேனா, எனக்கே தெளிவாக இல்லை. சனிக்கிழமை விடிந்தபோது பை பீரோவின் மேல் காலியாகவே கிடந்தது.

இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர். என் மாமியார் சைத்தூன் பீவி, நான். என் கணவர் ஜாஃபர் சாதிக் சார்ஜாவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். அவருடைய அக்காதான் சாஜிதா லாத்தா, சென்னையில் இருக்கிறார். அய்யம்பேட்டையில் நெல் மண்டி வைத்திருந்த மாமனார் ஆடி மாதத்தில் இறந்துபோனார்.

மாமா இறந்ததும் மாமி இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதத்துக்குச் சற்று மேலாக வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பது எங்கள் வழக்கம். வீட்டுக்குள் நடக்கக் கூடாது என்று எந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லவில்லை. ஆனால் யாரும் நடக்க விடவில்லை. தெருவிலிருந்தும் ஊரிலிருந்தும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தண்ணீர் கேட்டால் செம்பு வந்தது. பசிக்கும் முன்னால் தட்டு வந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யக்கூட ஒருத்தி வாளியும் தாம்பாளமும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள். மாமி எழுந்தால் பத்து கைகள் நீளும். "நீங்க உக்காருங்க மாமி, நாங்க இருக்கோம்ல." அந்த மாதங்களில் இந்த வீட்டில் அதிகமாகக் கேட்ட பேச்சு அதுதான்.

மண்டிக்கு நெல் வந்து இறங்கும் நாட்களில் மூட்டை தூக்குகிற ஆட்கள் அத்தனை பேருக்கும் டீ போட்டு, மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டே இருந்தவர் அவர். இத்தா முடிந்த அன்று குளித்து, புது வெள்ளைச் சேலை உடுத்தி, வீடு நிறைய உறவு பார்த்திருக்க அறையிலிருந்து வெளியே வந்தார். முற்றத்துப் படியில் கால் வைத்தார். கால் அவரைத் தாங்கவில்லை. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது.

தஞ்சாவூரில் எங்களுக்குக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட்டின் பெயர் மதிவாணன். கட்டுப் பிரித்த பிறகு அவர் மாமியின் கையைச் சும்மா ஒரு முறை பார்த்துவிட்டுக் காலைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"கை கூடிடும். விழுந்ததுக்குக் காரணம் கை இல்லையே. உக்கார வச்சே வச்சிருந்தீங்க, தொடையில இருந்த சதையெல்லாம் போயிடுச்சு. வயசானவங்களுக்குப் போறது சீக்கிரம் போயிடும், வர்றதுதான் மெதுவா வரும்."

அவர் சொன்னதை நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். குளியலறை வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடியை எடுத்தேன். சுவரில் ஸ்டீல் கம்பி ஒன்று அடிக்க வைத்தேன். கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவில் எரிய ஒரு சின்ன பல்பு. அடி தேய்ந்த செருப்புக்குப் பதில் பின்பக்கம் பிடிமானம் உள்ள செருப்பு. தரையைக் கூட்டிக்கொண்டு வந்த சேலையைக் கணுக்காலுக்கு மேல் கட்டச் சொன்னேன். பிரஷர் மாத்திரை போட்டால் எழும்போது தலை சுற்றுகிறது என்றதும், கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்று பழக்கினேன். கண்ணாடியையும் மாற்றினோம். இவ்வளவும் செய்த பிறகும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

பயிற்சியும் தினம் நடந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. ஒரு காலில் நிற்பது. ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்துக் கயிற்றின் மேல் போவது போல நடப்பது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. எல்லாவற்றையும் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு செய்தார். நாற்காலியிலிருந்து எழும் நேரத்தில் மட்டும் "வரலம்மா" என்பார்.

போன முறை மதிவாணன் சொன்னார். "கை ஊன்றாம எந்திரிச்சு, வாசல் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உக்காரட்டும். அதுக்கப்புறம் இவங்க வீட்டுல தனியா நடமாடலாம்னு நானே சொல்றேன்."

இதை நான் இரண்டு பேரிடம் போனில் சொன்னேன். சாஜிதா லாத்தா சொன்னார்: "முடியலன்னா நான் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துடுறேன்." என் கணவர் சொன்னார்: "முடிஞ்சிருச்சுன்னா உனக்கு விசாவுக்குப் போட்டுடறேன்."

மாமியின் இரண்டு கால்களை வைத்து இரண்டு பேர் திட்டம் போட்டுவிட்டார்கள். மாமியை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்களா என்றால், எனக்கும் சொல்லத் தெரியாது. கல்யாணமாகி நான் அவரோடு இருந்ததைவிட அவர் குரலோடு இருந்ததுதான் அதிகம். போக வேண்டும் என்ற ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். மாமிக்குப் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம் இதை யாருக்காகச் செய்கிறேன் என்று ஒரு கேள்வி வரும். உடனே அடுப்பில் பால் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவேன்.

*

கார் ஒன்பது மணிக்கு வந்து நின்றது. சாஜிதா லாத்தா இறங்கும்போதே கையில் நான்கு கால் வைத்த ஊன்றுகோல் ஒன்று இருந்தது. அவர் கணவர் சித்தீக் பின்னால் வாழைப்பழத் தாரோடு வந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்மா. எப்படி இருக்கீங்க? எந்திரிக்காதீங்க, உக்காருங்க, உக்காருங்க."

மாமி கூடத்து நாற்காலியில்தான் இருந்தார். எழ முயலவே இல்லை.

"வஅலைக்கும் ஸலாம். எந்திரிச்சா இல்ல நீ உக்காரச் சொல்லணும்."

லாத்தா சிரித்தார். சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்க் கம்பியை ஆட்டிப் பார்த்தார். தரையில் காலைத் தேய்த்துப் பார்த்தார். குளியலறை வாசலில் நின்ற என்னிடம் தணிந்த குரலில், "டைல்ஸ் வழுக்குதே ஷம்சாத்" என்றார்.

"இப்பத்தான் கழுவி விட்டேன் லாத்தா."

"அம்மா உள்ள போற நேரத்துலயும் இப்பத்தான் கழுவி விட்டிருப்ப."

கூடத்திலிருந்து மாமி குரல் கொடுத்தார். "அவ கழுவலைன்னா பாசி புடிச்சிருக்குன்னு சொல்லியிருப்ப. வந்ததும் வராததுமா கக்கூஸ்ல என்ன பேச்சு? வந்து டீயக் குடி."

சித்தீக் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி அதன் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. உங்களுக்கு அளவா இருக்கு" என்றார் மாமி.

*

மதிவாணன் மறுபடி வரச் சொல்லியிருந்த நாள் அது. தஞ்சாவூர் போகும் வழியில் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது. சம்பா அறுப்பு முடியும் நேரம். வண்டி ஊர்ந்து போனது. மாமி கண்ணாடி வழியாக நெல்லைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஈரம் இன்னும் போகல" என்றார் ஒரு இடத்தில். மாமா இருந்தால் பதில் சொல்லியிருப்பார். காருக்குள் இருந்த மற்ற மூன்று பேருக்கும் நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாமியும் பதிலை எதிர்பார்த்த மாதிரி இல்லை.

கிளினிக்கில் மதிவாணன் கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலியை நடுவில் போட்டார்.

"கைய நெஞ்சுக்குக் குறுக்க வச்சுக்குங்கம்மா. காலைக் கொஞ்சம் உள்ள இழுங்க. முன்னால சாயுங்க, அப்படியே எந்திரிங்க. பயப்படாதீங்க, பக்கத்துல நான் நிக்கிறேன்."

மாமி கைகளைக் குறுக்கே வைத்தார். முன்னால் சாய்ந்தார். உடம்பு இருக்கையிலிருந்து ஒரு விரல் அளவு எழுந்தது. பிறகு வலது கை தானாகப் பிரிந்து காற்றில் நீண்டது. நான் அந்தப் பக்கம் நின்றேன். என் கையும் நீண்டுவிட்டது. யாரும் சொல்லாமல், நினைக்கக்கூட நேரமில்லாமல் நீண்டது. மாமி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா சார்?" என்றார் லாத்தா.

"இவங்க கை கொடுத்துட்டாங்க. இன்னொரு தடவை பாப்போம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்று மதிவாணன் என்னிடம் சொன்னார்.

நான் சுவரோரமாகப் போய் நின்றேன். இரண்டாவது முறை மாமி பாதி எழுந்து அப்படியே பொத்தென்று உட்கார்ந்தார். மூன்றாவது முறை முயலவே இல்லை. "வரல தம்பி, விட்ருங்க."

மதிவாணன் குந்தி உட்கார்ந்து, மாமியின் காலை நீட்டச் சொல்லி, பாதத்தில் கை வைத்து அழுத்தினார். "தள்ளுங்கம்மா. நல்லாத் தள்ளுங்க." அவர் முகத்தில் ஒரு யோசனை வந்தது.

"கால்ல பலம் வந்திருக்கேம்மா. போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலை. வீட்டுல வேற ஏதாவது செய்யறீங்களா?"

"நான் என்ன செய்யறேன்? எல்லாம் இவதான் செய்யறா" என்று மாமி என்னைக் காட்டினார்.

"அப்ப பயம்தான் இன்னும் போகல போல. ஒரு தடவை விழுந்தவங்களுக்கு அது இருக்கும். பயந்து நடக்காம இருந்தா கால் மறுபடி தளரும், தளர்ந்தா மறுபடி விழுவாங்க. இன்னும் ஒரு மாசம் பாப்போமே."

"அந்த ஒரு மாசத்துல விழுந்துட்டாங்கன்னா?" என்றார் லாத்தா.

"சென்னையில விழ மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா. எங்க இருந்தாலும் தினம் நடக்கணும், தினம் எந்திரிச்சு உக்காரணும். அது நடந்தாப் போதும்."

"நாங்க பாத்துக்குவோம் சார்."

வெளியே வரும்போது மாமி என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அந்தக் கை அன்று வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

*

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லாத்தா பீரோவைத் திறந்தார். மாமி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். சித்தீக் எதிரே சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் நான் மடித்துக் கொடுக்க, லாத்தா வாங்கிப் பைக்குள் வைத்தார். எல்லாம் வெள்ளைச் சேலைகள். மாமா இருந்தபோது கட்டிய வண்ணச் சேலைகள் கீழ்த்தட்டில் இருந்தன. லாத்தா அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"என் மேல உனக்குக் கோபம்."

"இல்ல லாத்தா."

"இருக்கும். இருந்தாப் பரவால்ல." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தி. அவங்கம்மாவும் இப்படித்தான், சொந்த வீட்ட விட்டு வர மாட்டேன்னு இருந்தாங்க. காலையில குளிக்கப் போனவங்க விழுந்துட்டாங்க. சாயங்காலம் பால்காரன் கதவத் தட்டுற வரைக்கும் அந்த ஈரத்துலயே கிடந்திருக்காங்க. உயிர் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் அவங்க பேசவே இல்ல. அதக் கேட்ட நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் வரல ஷம்சாத். மத்தியானம் மீட்டிங்ல இருக்கும்போது திடீர்னு இந்த வீட்டு பாத்ரூம் ஞாபகம் வருது."

நான் கையிலிருந்த சேலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

"நான் இருக்கேனே லாத்தா."

"சாயங்காலம் நீ டேலி கணக்குக் கிளாசுக்குப் போயிடுற."

"போய்ட்டு மஃரிப் தொழுகைக்குள்ள வந்துடுவேன். கிளாஸ வேணா நிறுத்திடுறேன்."

"கிளாஸ நிறுத்தலாம். சார்ஜா போறத?"

நான் சேலையை மடித்து நீட்டினேன்.

"ஜாஃபர் எங்கிட்டச் சொல்லிட்டான். விசா போடப்போறான். போட வேண்டியதுதான், எத்தனை காலம் அவன் அங்கயும் நீ இங்கயும் இருப்பீங்க? நீ போ, நல்லா இரு. ஆனா நீ போனப்புறம் இவங்களுக்கு இந்த வீட்டுல யார் இருக்கா? அதான் இப்பவே கூட்டிட்டுப் போறேன். எங்க வீடு அஞ்சாவது மாடிதான். பகல்ல ஆள் இருக்காதுதான். ஆனா லிஃப்ட் இருக்கு, வாட்ச்மேன் இருக்கான். டி.வி. இருக்கு. ஒரு வேலையும் செய்ய வேணாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

உட்கார்ந்திருந்தால் போதும் என்ற சொல் எனக்குள் எங்கோ போய் இடித்தது. அதன் பிறகு நான் யோசித்துப் பேசியதாகச் சொல்ல முடியாது.

"நான் போகல லாத்தா."

"எங்க?"

"சார்ஜாவுக்கு. நான் போகல. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கிறேன். மாமி இங்கயே இருக்கட்டும். நான் இருக்கேன்."

லாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். அது சந்தேகப் பார்வை இல்லை. பாவம் என்று பார்ப்பது போல இருந்தது.

"எத்தனை வருஷத்துக்கு?"

அழுகை வரும்போல இருந்ததால் பைக்குள் குனிந்து ஏதோ தேடுவது போலச் செய்தேன்.

"பையில வச்சத எடுத்து வெளிய வை."

வாசல் பக்கமிருந்து குரல். மாமி அறை வாசலில் நின்றார். கூடத்துக்கும் அறைக்கும் நடுவே நீளமான நடை இருக்கிறது. அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. மாமி கதவு நிலையைக்கூடப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் சேலைத் தலைப்புக்குள் இருந்தன.

லாத்தா துள்ளி எழுந்து ஓடினார். "அம்மா, விழுந்துடப்போறீங்க..."

"கிட்ட வராத."

லாத்தா பாதியில் நின்றார்.

மாமி அறைக்குள் வந்தார். கட்டிலருகே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அது நாற்காலியைவிடத் தாழ்வானது. கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தார். காலை உள்ளே இழுத்தார். முன்னால் சாய்ந்தார். எழுந்தார். கொஞ்சம் ஆடினார், ஆட்டம் நின்றது. எழுந்தபடி நின்றார்.

என் கை நீண்டிருந்தது. அது எப்போது நீண்டது என்று எனக்குத் தெரியாது. மாமி அதைப் பார்த்தார். தொடவில்லை. என்னைத் தாண்டி நடந்தார்.

நாங்கள் இருவரும் பின்னால் போனோம். நடையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, தெருவாசல் வரை போனார். நின்றார். திரும்பும்போது அவசரப்படாமல், மதிவாணன் சொல்லிக் கொடுத்தபடி சிறு சிறு அடியாக வைத்துத் திரும்பினார். சித்தீக் பதறி எழுந்து கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் மாமி.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

மாமி வந்து தன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கிளினிக்கில் விழுந்தது போலப் பொத்தென்று இல்லை. வெளியே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது.

"அப்ப கிளினிக்ல?" என்றார் லாத்தா. "அங்க ஏம்மா எந்திரிக்கல?"

"எந்திரிக்கப் பிடிக்கல."

"என்னம்மா பேச்சு இது? நான் எத்தனை நாளா பயந்து..."

"பயப்படுறன்னு தெரியும். உம்மேல தப்பு இல்ல." மாமி மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஆனா உங்க வீட்டுக்கு நான் வரலம்மா. அங்க வந்தா என்னை உக்கார வச்சிருவ. காலையில எல்லாரும் போயிடுவீங்க. நான் பால்கனியில உக்காந்து எதுத்த பில்டிங்கப் பாப்பேன். ஒரு தடவை இத்தா இருந்துட்டேன். அது உங்க அத்தாவுக்காக இருந்தேன். இன்னொரு தடவை யாருக்காக இருக்கணும்?"

லாத்தா அழுதார். மாமி அழவில்லை. "விழுந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்று லாத்தா மறுபடி கேட்டார்.

"எந்திரிக்கப் பாப்பேன். முடியலன்னா கூப்பிடுவேன். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு சாவி குடுத்து வைக்கிறேன். போனக் கழுத்துல மாட்டிக்கச் சொன்னா மாட்டிக்கிறேன், மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி. அந்த டாக்டர் தம்பி சொன்னதெல்லாம் செய்யறேன். இதுக்கு மேல எங்கிட்ட என்ன எழுதி வாங்கணும்?"

சித்தீக் தொண்டையைச் செருமினார். "டைல்ஸ மட்டும் சொரசொரப்பா மாத்திடுவோம் மாமி."

"மாத்துங்க. அத யார் வேணாம்னா?"

*

அஸர் தொழுதுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். லாத்தா என்னைத் தனியாக இழுத்து, "தினம் ஒரு போன் போடு. நான் திட்டினாலும் போடு" என்றார். கார் தெரு முனையில் திரும்பும் வரை மாமி வாசலில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு. கட்டாவிட்டால் அது மாமியின் முழங்கைக்குப் போய்விடும்.

உள்ளே வந்து பையிலிருந்த சேலைகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினேன். மாமி சமையல்கட்டில் மேடையருகே நின்று குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு விரல்தான் மேடையைத் தொட்டது.

"எப்பலேர்ந்து மாமி?"

"என்னது?"

"எந்திரிக்க முடியறது."

"கட்டுப் பிரிச்சுக் கொஞ்ச நாள்லயே. நீ கிளாசுக்குப் போனதும் செய்வேன். மொதல்ல ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டு. அப்புறம் ஒரு கை. அப்புறம் விரல்."

"ஆள் இல்லாத நேரத்துலயா? விழுந்திருந்தா?"

"நீ பக்கத்துல நின்னா உன் கைதான் எந்திரிக்குது. நான் எந்திரிக்கல."

நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை, வெறும் அடுப்பு எரிந்தது. அணைத்தேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

மாமி காலை மாற்றி நின்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இத்தால நான் ஒண்ணு பாத்தேன் ஷம்சாத். உக்காந்திருந்தவரைக்கும் இந்த வீட்டுல ஆள் இருந்துச்சு. பாய் போட எடமில்லாம ஆள். நான் எந்திரிச்சு வெளிய வந்த அன்னைக்குச் சாப்பாட்ட முடிச்சுட்டு எல்லாரும் கிளம்பத் தயாரா நின்னாங்க. விழுந்தேன். மறுபடி பத்து நாள் இருந்தாங்க." சற்று நிறுத்தினார். "வேணும்னு விழல. அது மட்டும் அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா அதுக்கப்புறம் எந்திரிக்க வந்தும் ஏன் எந்திரிக்கலன்னு கேட்டா, நான் எந்திரிச்சா நீ போயிடுவ."

போகவில்லை என்று மறுபடி சொல்லலாம். அறையில் லாத்தாவிடம் அதைச் சொன்னபோது அது முழுக்க உண்மையா என்று இப்போது யோசித்தேன். அந்த நேரத்தில் உண்மை. அடுத்த வருஷமும் உண்மையாக இருக்குமா என்றுதான் லாத்தா கேட்டார்.

"நான் போகலன்னு சொன்னதக் கேட்டீங்களா?"

"கேட்டதாலதான் எந்திரிச்சேன்." மாமி திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்குத் துணைக்குன்னு உன்னை உக்கார வைக்கிறதுக்கு, நான் சென்னைக்கே போயிருக்கலாம். அவனுக்குப் போன் போடு."

"இப்பவா? கடையில இருப்பாங்க."

"கடை எங்க போகுது? போடு."

போட்டேன். மாமியின் போனை ஸ்பீக்கரில் வைத்து மேடைமேல் சாய்த்தேன். மாமி உட்காரவில்லை. இரண்டு முறை மணி அடித்ததும் என் கணவர் எடுத்தார். "அம்மா? எல்லாம் நல்லா இருக்கா? லாத்தா கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பிட்டாங்க. நான் இங்கதான் இருக்கேன். கை ஊன்றாம எந்திரிச்சுட்டேன், உங்க அக்காவக் கேளு, சொல்லுவா. ஜாஃபரு, உன் பொண்டாட்டியக் கூப்பிட்டுக்க. அவ வரலன்னு சொன்னாக் கேக்காத. ஒண்ணு மட்டும் எனக்காகச் செய். நோன்பு வருது. டிக்கெட்டப் பெருநாளுக்கு அப்புறமாப் போடு. இந்த வருஷ நோன்ப மட்டும் அவளோட சேந்து தொறந்துட்டு அனுப்புறேன்."

நான் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அம்மா" என்றார் அவர் கடைசியில். எனக்குப் பழக்கமான குரல் அது. ஆனால் அந்தத் தொனியை நான் இதுவரை கேட்டதில்லை. "ஸ்பீக்கர்ல இருக்கா? அத ஆஃப் பண்ணுங்க. ஷம்சாத் பக்கத்துல இல்லாம, அவ விசா விஷயமா உங்ககிட்ட மட்டும் ஒண்ணு பேசணும்."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், முற்றத்தை நோக்கி நடந்தார்.